இலவச இணையச் சேவைகளை நிதானமாகப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

2019 மார்ச்சில் மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளத்தில் ஒரு சின்ன அறிவிப்பு இருந்தது. சர்வர் மாற்றும் வேலையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய படங்கள், வீடியோக்கள், பாட்டுகள் கிடைக்காமல் போயிருக்கலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்களிடம் இருக்கும் பேக்கப் பிரதிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். 2003 முதல் 2015 வரை மக்கள் சேர்த்துவைத்த பாட்டுகள் அதோடு போயின. சொந்தப் பாட்டை அங்கே மட்டும் வைத்திருந்த கலைஞர்களுக்கு, இல்லாத பேக்கப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னது எப்படி இருந்திருக்கும்!

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மின்னஞ்சல், வரைபடம், மொழிபெயர்ப்பு, வீடியோ அழைப்பு, படச் சேமிப்பு என்று நம் நாள் முழுக்க இலவசச் சேவைகளின் மேல்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்கிற அறிவுரைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. அதைச் சொல்கிறவர்களே ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஆனால் ஒரு பழக்கம் எல்லோராலும் முடியும்: ஒரு சேவைக்குள் நுழையும்போதே வெளியே வரும் வழியையும் பார்த்துவைப்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தின் விரிவுதான். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நேரமில்லாதவர்கள் மூன்றாவது படியையும் ஐந்தாவது படியையும் மட்டுமாவது செய்யுங்கள்.

படி 1: எதையெல்லாம் நம்பி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

தாளும் பேனாவும் போதும். முதலில் நினைவிலிருந்து எழுதுங்கள். அப்புறம் உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் 'வெல்கம்', 'வெரிஃபை' ஆகிய ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். எங்கெங்கே கணக்குத் தொடங்கினீர்கள் என்று அந்தப் பழைய அஞ்சல்கள் காட்டிக்கொடுத்துவிடும். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை வைத்து உள்ளே நுழைந்த தளங்களின் பட்டியல் அந்தக் கணக்குகளின் அமைப்புகளிலேயே இருக்கிறது, அதையும் பாருங்கள். மறந்தே போன பெயர்கள் வரிசையாக வரும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: நாளைக் காலை இது திறக்கவில்லை என்றால் என்ன ஆகும்? சிலவற்றுக்கு 'ஒன்றும் ஆகாது'. அந்தக் கணக்குகளை மூடிவிடலாம். எப்படி என்பது கடைசிப் படியில். சிலவற்றுக்கு 'கொஞ்சம் எரிச்சல், வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம்'. மீதி நாலைந்துதான் உண்மையில் கவனம் கேட்பவை. பெரும்பாலானவர்களுக்கு அவை மின்னஞ்சல், படங்கள், ஆவணங்கள், தொடர்பு எண்கள், உரையாடல் செயலி.

படி 2: செலவை யார் தருகிறார்கள் என்று பாருங்கள்

சர்வருக்கு மின்சாரம் வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். நீங்கள் தரவில்லை என்றால் வேறு யாரோ தருகிறார்கள். யார் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சேவை எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

விளம்பரத்தில் ஓடுபவை ஒரு வகை. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் வருமானம் ஏறக்குறைய முழுவதும் விளம்பரம்தான். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கும் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது. இங்கே நீங்கள் தருவது உங்கள் கவனமும் உங்களைப் பற்றிய விவரங்களும். இரண்டாவது வகையில், காசு கட்டும் சிலர் காசு கட்டாத பலரின் செலவையும் சுமக்கிறார்கள். டிராப்பாக்ஸ் 2 ஜிபி இலவசமாகத் தருவதும், பிட்வார்டன் கடவுச்சொல் பெட்டியை இலவசமாகத் தருவதும் இந்தக் கணக்கில்தான். இது நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் இலவசப் பங்கு எப்போது வேண்டுமானாலும் சுருங்கும். எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசப் பயனர்களை 50 குறிப்புகள், ஒரே நோட்புக் என்று நிறுத்தியது நினைவிருக்கலாம். பழைய குறிப்புகளைப் படிக்க முடிந்தது, வெளியே எடுக்கவும் முடிந்தது. புதிதாகச் சேர்க்கத்தான் கதவு அடைபட்டது. மூன்றாவது, நன்கொடையில் நடப்பவை: விக்கிப்பீடியா, இன்டர்நெட் ஆர்க்கைவ், சிக்னல் என்ற உரையாடல் செயலி.

எனக்கு அதிகம் உறுத்துவது நான்காவது வகை. விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை, நன்கொடையும் கேட்பதில்லை. ஆனாலும் நன்றாக ஓடுகிறது. அன்ரோல்.மீ என்றொரு சேவை இருந்தது. வேண்டாத விளம்பர அஞ்சல்களிலிருந்து விலக உதவும். அதற்கு நம் அஞ்சல் பெட்டிக்குள் நுழைய அனுமதி கேட்கும். அஞ்சல்களில் இருந்த வாடகைக் கார் ரசீதுகளின் விவரம் பெயர் நீக்கி விற்கப்பட்டது 2017இல் வெளியே வந்தது. அவாஸ்ட் நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருளும் உலாவிக் கருவிகளும் திரட்டிய உலாவல் விவரங்களை அதன் கிளை நிறுவனமான ஜம்ப்ஷாட் விற்றுவந்தது. விஷயம் வெளியாகி 2020இல் கடையை மூடினார்கள். பாதுகாப்புக்காகப் போட்ட மென்பொருளே இப்படி. ஆகவே, புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது அதன் தளத்தில் 'விலை' என்ற பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்தால் நல்ல அறிகுறி. காசு வாங்கும் வழி ஒன்று வெளிப்படையாக இருக்கிறது என்று பொருள்.

படி 3: மின்னஞ்சலைப் பூட்டுங்கள்

மற்ற எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தாலும், மாற்றுவதற்கான லிங்க் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது ஒருவர் கையில் சிக்கினால் மற்றவை அனைத்தும் வரிசையாகச் சிக்கும். ஆகவே இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

முதலில், மீட்பு விவரங்களைச் சரிபாருங்கள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்புக்கான தொலைபேசி எண்ணும் இன்னொரு மின்னஞ்சலும் இருக்கும். அந்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? எண்ணை மாற்றிவிட்டு இதை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். விட்டுப்போன எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறு ஆளுக்குத் தந்துவிடும். உங்கள் கணக்கின் சாவி முன்பின் தெரியாதவர் சட்டைப் பையில் கிடக்கும்.

அடுத்து இரண்டடுக்குச் சரிபார்ப்பு. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எதுவும் இல்லாததைவிட நல்லது. ஆனால் ஏமாற்றி உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்குகிறவரிடம் அது தோற்றுவிடும். கூகுள் ஆத்தென்டிகேட்டர், ஏஜிஸ் போன்ற செயலிகள் போனுக்குள்ளேயே எண்ணை உருவாக்குகின்றன. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், சிக்னல்கூடத் தேவையில்லை. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட கையோடு பேக்கப் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதுங்கள். கூகுள் பத்துக் குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அந்தத் தாள் போனுக்குள் படமாக இருக்கக் கூடாது. போன் தொலைந்த அன்றுதானே அது தேவைப்படும்!

முக்கிய மின்னஞ்சலாக அலுவலகத்தின் முகவரியையோ கல்லூரியின் முகவரியையோ வைத்திருந்தால் இன்றே மாற்றத் தொடங்குங்கள். நீங்கள் விலகும் நாளில் அதுவும் விலகிவிடும், பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமலே.

ஒரே முகவரியை எல்லோருக்கும் கொடுப்பதும் நல்லதல்ல. இரண்டு போதும்: வங்கி, அரசு, மருத்துவம், நெருங்கியவர்களுக்கு ஒன்று, கடைகள், செய்திமடல்கள், ஒருமுறை பார்க்கும் தளங்களுக்கு இன்னொன்று. ஜிமெயிலில் ஒரு வசதி உண்டு: முகவரியில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். எந்தத் தளத்துக்கு எந்தச் சொல் கொடுத்தீர்கள் என்று தெரிந்திருந்தால், வேண்டாத அஞ்சல் வரும்போது முகவரியை வெளியே விட்டது யார் என்று பிடித்துவிடலாம். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே இரண்டாவது முகவரி இருக்கவே இருக்கிறது.

அந்த இரண்டாவது முகவரியை அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. மைக்ரோசாஃப்டும் இரண்டு ஆண்டுக்குள் ஒருமுறையாவது உள்ளே வரச் சொல்கிறது. யாகூவுக்கு ஓராண்டுதான் கெடு.

படி 4: கடவுச்சொற்களை நினைவில் வைப்பதை நிறுத்துங்கள்

ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் போடுவதுதான் இலவசக் கணக்குகளின் பெரிய நோய். எங்கோ ஒரு சின்னத் தளம் உடையும். அங்கே திருடிய சொல்லை வைத்து உங்கள் அஞ்சலையும் திறந்து பார்ப்பார்கள். ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற இலவசத் தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் போட்டால், இதுவரை தெரியவந்த எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். 2013 முதல் நடக்கிறது, நம்பலாம்.

கடவுச்சொற்களையெல்லாம் பூட்டிவைக்கும் பெட்டியாக பிட்வார்டன் அல்லது கீபாஸ் எக்ஸ்சி போதும். முன்னது எல்லாக் கருவிகளிலும் தானாக ஒத்திசையும். பின்னது ஒரே கோப்பாக உங்கள் கணினியில் இருக்கும், அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உலாவியிலேயே இருக்கும் கடவுச்சொல் பெட்டிகூடப் பரவாயில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். பெட்டியைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் மட்டும் நீளமாக, தொடர்பில்லாத நாலைந்து சொற்களாக இருக்கட்டும்.

'கூகுள் மூலம் நுழைக' பொத்தான் பற்றி ஒரு வார்த்தை. வசதியானது, பாதுகாப்பும் மோசமில்லை. ஆனால் அந்த ஒரு கணக்கு முடங்கினால் எல்லாம் முடங்கும். 2022இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. மருத்துவருக்குக் காட்டுவதற்காக ஒரு தந்தை தன் குழந்தையை எடுத்த படத்தைக் கூகுளின் தானியங்கிச் சோதனை தவறான படமாகக் குறித்து, கணக்கை மூடிவிட்டது. காவல்துறை விசாரித்துக் குற்றம் ஏதுமில்லை என்று முடித்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. அஞ்சல்கள், படங்கள், தொடர்பு எண்கள் மட்டுமல்லாமல், கூகுளிடமிருந்தே வாங்கிய தொலைபேசி இணைப்பும் போனது. இது அபூர்வம்தான். ஆனாலும் முதல் படியில் 'கவனம் கேட்பவை' என்று குறித்த சேவைகளுக்கு மட்டுமாவது மின்னஞ்சல், கடவுச்சொல் போட்டுத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: படங்களுக்கும் கோப்புகளுக்கும் இன்னொரு வீடு

கூகுள் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முன்பு ஃபோட்டோஸில் சற்றுத் தரம் குறைத்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. 2021 ஜூன் 1 முதல் அதுவும் கணக்கில் சேர்ந்தது. 2024இல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இந்த 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. ஐகிளவுடிலும் ஒன்டிரைவிலும் 5 ஜிபிதான்.

இடம் நிறைந்தால் படம் ஏறாது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. அஞ்சலும் வராமல் நின்றுவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யாரோ குழுவில் அனுப்பிய காலை வணக்க வீடியோக்கள் பேக்கப்பில் ஏறி, வேலைக்கான நேர்காணல் அழைப்பு திரும்பிப் போகலாம். எனவே வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோக்களைச் சேர்க்கும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள். அப்புறம் கூகுள் கணக்கின் சேமிப்பு மேலாண்மைப் பக்கத்தில் பெரிய கோப்புகள் அளவு வரிசையில் இருக்கும். மேலிருந்து ஒரு இருபதைப் பார்த்து நீக்கினாலே கணிசமான இடம் திரும்பும். அஞ்சல் தேடலின் கூடுதல் விருப்பங்களில் '10 எம்பிக்கு மேல்' என்று அளவு கொடுத்துத் தேடினால் பழைய இணைப்புகள் சிக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. போனில் ஒரு படத்தை நீக்கினால் கிளவுடிலும் அது நீங்குகிறது என்றால் உங்களிடம் இருப்பது ஒத்திசைவு. இரண்டு இடத்தில் தெரியும் ஒரே பிரதி. குப்பைத்தொட்டி கொஞ்ச நாள் காப்பாற்றும்: கூகுள் டிரைவில் 30 நாள், பேக்கப் ஆன படங்களுக்கு ஃபோட்டோஸில் 60 நாள். அதற்குள் கவனிக்கவில்லை என்றால் போனது போனதுதான். புகைப்படக் கலைஞர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு 3-2-1: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. போனில் ஒன்று, ஒத்திசைவாக இல்லாமல் கிளவுடில் தனியாக ஒன்று இருக்கிறது என்றால், உங்களுக்குக் குறைவது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

கூகுளிலிருந்து மொத்தமாக எடுக்க 'டேக்அவுட்' என்ற வசதி 2011 முதல் இருக்கிறது. எது எது வேண்டும் என்று குறியிட்டு, கோப்பின் அளவைத் தேர்ந்தெடுத்தால், தயாரானதும் பதிவிறக்க லிங்க் அஞ்சலில் வரும். லிங்க் சில நாட்களில் காலாவதியாகிவிடும், தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஓராண்டுக்குத் தானாகத் தயாரிக்கவும் சொல்லிவைக்கலாம். முதல் தடவை ஃபோட்டோஸ் மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் மலைத்துப்போவீர்கள். ஜிப் கோப்பைப் பிரித்ததும் ஒவ்வொரு படத்தோடும் ஜேசன் என்ற சின்னக் கோப்பு ஒன்று கிடக்கும். குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள், ஃபோட்டோஸில் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய விவரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அஞ்சல்கள் எம்பாக்ஸ் கோப்பாக வரும். தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளில் சேர்த்துப் படிக்கலாம்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. கணினியில் டிரைவ் கோப்புறையைத் திறந்து, அதிலிருக்கும் கூகுள் டாக்ஸ் கோப்புகளைப் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் போவது ஆவணம் அல்ல, ஆவணத்தின் முகவரி மட்டும். இணையமும் கணக்கும் இல்லாமல் அது திறக்காது. டாக்ஸுக்குள்ளிருந்து வேர்ட் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ பதிவிறக்கி வைத்தால்தான் அது உங்களுடையது. டேக்அவுட்டும் அப்படி மாற்றித்தான் தருகிறது.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களையே குடும்ப ஆல்பமாக வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் அளவு சுருங்குகிறது. எடுத்த தேதி, கேமரா விவரங்களும் போய்விடுகின்றன. பத்து வருடம் கழித்து வரிசைப்படுத்த உட்காரும்போதுதான் இந்த நஷ்டம் தெரியும். கல்யாணப் படம், தாத்தா பாட்டி படம் போன்றவற்றை 'ஆவணம்' என்று அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பு அப்படியே வரும்.

ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியதும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பார்த்ததும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் கணினியில் நுழையும் வைரஸ் அதையும் தின்னும்.

வெளியேறும் வழி இருப்பது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. ஆத்திரப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் தாங்கள் படித்துவந்த தளங்களின் பட்டியலை ஒரே கோப்பாக எடுத்து ஃபீட்லி போன்ற வேறொரு சேவையில் போட்டு, மறுநாளே தொடர்ந்து படித்தார்கள்.

படி 6: பார்த்ததும் பதிவேற்றாதீர்கள்

பிடிஎஃப்பைச் சுருக்க, இரண்டைச் சேர்க்க, வேர்டாக மாற்ற என்று இணையத்தில் ஆயிரம் இலவசக் கருவிகள். பள்ளி நோட்டீஸுக்கு அவை தாராளமாகப் போதும். அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, வங்கி அறிக்கை, ஒப்பந்தம் போன்றவற்றை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். கோப்பு இன்னொருவர் கணினிக்குப் போகிறது, எப்போது நீக்குவார்கள் என்பது அவர்கள் வாக்கு மட்டுமே. லிப்ரே ஆபீஸ் உங்கள் கணினியிலேயே வேர்ட் கோப்பை பிடிஎஃப் ஆக்கும். பிடிஎஃப்சாம் பேசிக் சேர்க்கும், பிரிக்கும். போனில் 'அச்சிடு' கொடுத்து 'பிடிஎஃப் ஆகச் சேமி' என்று தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

வைரஸ் சோதனைக்கு வைரஸ்டோட்டல் அருமையான இலவசத் தளம். ஆனால் அங்கே ஏற்றும் கோப்புகள் பல பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். சந்தேகமான மென்பொருளை ஏற்றலாம், சொந்த ஆவணத்தை ஏற்றக் கூடாது.

ஏஐ உரையாடல் கருவிகளுக்கும் இதே விதிதான். கடிதம் திருத்த, பாடம் விளக்க, பயணம் திட்டமிட நன்றாகவே உதவும். இலவசக் கணக்குகளில் உங்கள் உரையாடல் பயிற்சிக்குப் பயன்படலாம்; பெரும்பாலானவற்றில் அதை அணைக்கும் விருப்பம் அமைப்புகளில் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் பெயர், எண், முகவரியை எடுத்துவிடுங்கள். பதிலில் வரும் தேதியையும் எண்ணையும் வேறோர் இடத்தில் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கியூஆர் குறியீடு இலவசமாக உருவாக்கும்போது ஒரு எச்சரிக்கை. சில தளங்கள் உங்கள் முகவரியை நேரடியாகப் பொதிக்காமல், தங்கள் தளம் வழியாகச் சுற்றிவிடும் குறியீட்டைத் தருகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் அது வேலை செய்யாது, காசு கேட்கும். அதற்குள் அழைப்பிதழ் அச்சாகி ஊர் முழுக்கப் போயிருக்கும். 'ஸ்டேட்டிக்' வகையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேன் செய்யும்போது உங்கள் முகவரியே நேராகத் தெரிந்தால் சரி.

படி 7: செயலி கேட்பதையெல்லாம் கொடுக்காதீர்கள்

டார்ச் செயலிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஏன் தெரிய வேண்டும்? 2013இல் 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்ற இலவச டார்ச் செயலி பயனர்களின் இருப்பிடத்தைச் சொல்லாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி அமைப்பு நடவடிக்கை எடுத்தது. இன்று போன்களில் டார்ச் தானாகவே இருக்கிறது, ஆனால் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் எல்லாவற்றையும் மறுங்கள். வேலை நின்றால் மட்டும் கொடுங்கள். இருப்பிடத்துக்குத் தோராயமானதே போதும் என்று இப்போதைய போன்களில் சொல்ல முடியும். வானிலை செயலிக்கு அது தாராளம். படங்களுக்கு மொத்த ஆல்பத்தையும் திறக்காமல், தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் காட்டலாம். தொடர்பு எண்கள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்: அவை என்னுடையவை மட்டுமல்ல, எனக்கு எண் தந்தவர்களின் விவரமும் கூட.

இலவச விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தை இன்னொருவர் சர்வர் வழியாக அனுப்பும் சேவை, பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. தள முகவரி 'https' என்று தொடங்கும்வரை பொது வைஃபையில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் கடவுச்சொல்லைப் படிக்க முடியாது. விபிஎன் போட்டால் நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். ஃபேஸ்புக் நடத்திய ஓனாவோ என்ற இலவச விபிஎன், மக்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த நிறுவனத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தது, 2019இல் மூடினார்கள். ஹோலா இன்னும் ஒரு படி மேல். இலவசப் பயனர்களின் இணைப்பு வழியாகவே மற்றவர்களின் போக்குவரத்தை அனுப்பியது 2015இல் வெளிவந்தது. உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள், காசு கட்டும் வாடிக்கையாளர்களை வைத்து இலவசப் பகுதியை நடத்தும் புரோட்டான் விபிஎன் போன்றதைப் பார்க்கலாம்.

படி 8: 'முதல் மாதம் இலவசம்'

கார்டு எண் கேட்டால் அது சந்தா. இலவசம் என்று நினைக்க வேண்டாம். சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். பல சேவைகளில் மீதி நாட்கள் அப்படியே ஓடும். ஆப்பிளின் சொந்தச் சேவைகள் போன்ற சிலவற்றில் ரத்து செய்த கணமே நின்றுவிடும், அங்கே முடிவதற்கு இரண்டு நாள் முன்பு போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகாது. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ 'சந்தாக்கள்' பக்கத்துக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும்.

படி 9: பொதுச் சொத்துகளை இன்னும் கூடுதலாகப் பயன்படுத்துங்கள்

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகு, தயங்காமல் பயன்படுத்தக்கூடியவற்றையும் சொல்ல வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கிய வரைபடம், தன்னார்வலர்கள் வரைவது. அதை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் ஒரு பகுதியை இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும், விளம்பரம் கிடையாது. கடை திறந்திருக்கிறதா, சாலையில் நெரிசலா என்பதற்குக் கூகுள் மேப்ஸ்தான் மேல். மலைப்பாதைக்கும் நடைபாதைக்கும் ஆர்கானிக் மேப்ஸ். இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

புராஜெக்ட் குட்டன்பெர்க் 1971இல் தொடங்கியது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தட்டச்சிட்டுத் தருகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் மறைந்துபோன இணையப் பக்கங்களைப் பார்க்கலாம். பலருக்குத் தெரியாதது, நீங்களே ஒரு பக்கத்தைச் சேமிக்கவும் சொல்லலாம். ஒரு வேலை அறிவிப்பையோ, ஒரு நிறுவனம் கொடுத்த வாக்குறுதியையோ நாளை மாற்றிவிடுவார்கள் என்று தோன்றினால் முகவரியைக் கொடுத்து 'பக்கத்தைச் சேமி' என்று அழுத்துங்கள், தேதியோடு நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

பழைய தமிழ்ப் பக்கங்களைப் படம் எடுத்து எழுத்தாக மாற்ற வேண்டுமா? படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்து வரும். அச்சு தெளிவாக இருந்தால் பிழைகள் குறைவு. ண, ன இரண்டையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நன்கொடையில் நடப்பவற்றுக்குக் காசுதான் தர வேண்டும் என்றில்லை. விக்கிப்பீடியாவில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தலாம், வரைபடத்தில் இல்லாத ஒரு தெருவைச் சேர்க்கலாம்.

படி 10: உங்களுக்குப் பின் யார் திறப்பார்கள்

பேச யாருக்கும் பிடிக்காத படி; பத்து நிமிட வேலை. கூகுளில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்ற அமைப்பு 2013 முதல் இருக்கிறது. 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவு காலம் கணக்கு அசையாமல் இருந்தால் நீங்கள் சொன்ன ஆட்களுக்குத் தகவல் போகும், நீங்கள் அனுமதித்த பகுதிகளை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பேர் வரை சொல்லலாம். ஆப்பிளில் இதற்கு 'லெகசி கான்டாக்ட்' என்று பெயர், ஐந்து பேர் வரை. பெயர் கொடுத்தால் போதாது, அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லியும் வையுங்கள்.

படி 11: வேண்டாத கணக்குகளை மூடுங்கள்

முதல் படியில் 'ஒன்றும் ஆகாது' என்று குறித்தவற்றுக்கு இப்போது வாருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று என்று வைத்துக்கொண்டால் அலுக்காது. ஜஸ்ட் டெலீட் மீ என்ற தளம் பல சேவைகளின் 'கணக்கை நீக்கு' பக்கத்துக்கு நேரடி லிங்க் தருகிறது. எது சுலபம், எது கஷ்டம் என்று நிறம் போட்டும் காட்டும்.

வரிசை முக்கியம். முதலில் உங்கள் விவரங்களைப் பதிவிறக்குங்கள். அடுத்து, அந்தக் கணக்கை வைத்து வேறெங்காவது நுழைகிறீர்களா என்று பாருங்கள். சந்தா இருந்தால் ரத்து செய்யுங்கள், கார்டு விவரத்தை எடுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரியை நீக்குங்கள். நீக்க விடவில்லை என்றால் வேறெதையாவது போட்டு மாற்றுங்கள். அதன் பிறகே 'கணக்கை நீக்கு'. உறுதிசெய்யும் அஞ்சல் வந்தால் அதை ஒரு கோப்புறையில் போட்டுவையுங்கள். பல தளங்கள் 30 நாள் அவகாசம் வைக்கின்றன. அதற்குள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தாலும் நீக்கல் ரத்தாகிக் கணக்கு உயிர்பெற்றுவிடும். நீக்கும் பொத்தானே இல்லாத தளங்களுக்கு அவர்களின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு வரி எழுதுங்கள்: கணக்கின் முகவரி இது, கணக்கையும் விவரங்களையும் நீக்கி உறுதிப்படுத்தவும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே அஞ்சலை மீண்டும் அனுப்புங்கள்.